கேடயத்தில் ஓர் அணு

அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ஜெர்மனியின் தெற்கில், பவேரியாவின் ஸ்வாபியப் பகுதியில், டான்யூப் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் குண்ட்ரெம்மிங்கன் என்றொரு சிற்றூர். சுமார் 1,500 பேர் வாழ்கிறார்கள். 2025 அக்டோபர் 25, சனிக்கிழமை நண்பகல். அங்கிருந்த அணுமின் நிலையத்தின் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் 160 மீட்டர் உயரம், கடைசித் தடவையாக நிற்கின்றன. முதல் வெடி வெறும் சத்தம். சுற்றுப்புறத்து விலங்குகளையும் பறவைகளையும் விரட்டுவதற்காக வைத்தது. மனிதர்களை யாரும் விரட்டவில்லை. அவர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வெடியில் ஒரு கோபுரம், அதற்கடுத்ததில் மற்றது. இடை சிறுத்த அந்தப் பேருருவம் விழுந்தபோது கட்டடம் இடிவதுபோலவே இல்லை, கொடியில் கிடந்த ஈரப்புடவை நழுவித் தரையில் குவிவதுபோல் இருந்தது. பிறகு தூசி. தூசி நகர்ந்ததும் அதே வானம், ஆனால் ஏதோ அதிகமாகிவிட்ட வானம். கோபுரம் விழுந்தது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. உலகத்தில் எத்தனையோ விழுகின்றன. நெருடியது வேறொன்று. அந்த ஊர் தன் இலச்சினையிலேயே ஓர் அணுவை வைத்திருக்கிறது என்று போகிற போக்கில் படித்த ஒரு வரி. கோபுரத்தை வெடிவைத்துத் தகர்க்கலாம். கேடயத்தில் இருப்பதை என்ன செய்வார்கள்?

அதைத் தேடிப் பார்த்தபோது முதலில் சிரித்துவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பள்ளி அறிவியல் கண்காட்சியில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டுவோமே, நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக நீள்வட்டங்கள், அந்த வகைக் குறி. அது சிலுவைப்போர்க் காலத்து வீரன் தோளில் தொங்கியிருக்க வேண்டிய ஒரு கேடயத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வேட்டி கட்டிக்கொண்டு ஹெல்மெட் போட்டுக்கொண்டவரைப் பார்ப்பதுபோல. ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி வந்து குந்திக்கொண்டது. ஜெர்மானிய இலச்சினைகளில் சிங்கம் வந்தால் நான் ஏன் சிரிப்பதில்லை? பவேரியாவின் கேடயத்தில் சிங்கம், ஹெஸ்ஸெனில் சிங்கம், துரிங்கியாவில் சிங்கம், எத்தனையோ ஊர்களில் சிங்கம். ஊர்கள் பிறந்து வளர்ந்த காலம் முழுக்க அந்தக் காடுகளில் ஒரு சிங்கமாவது திரிந்ததில்லை. பின்னங்காலில் நின்று நாக்கை நீட்டும் அந்தப் பிராணியை முதலில் வரைந்த கைகளில் பெரும்பாலானவை உயிருள்ள சிங்கத்தைக் கண்டதே இல்லை. காணாத ஒன்றின் வலிமை தனக்கு வேண்டும் என்று ஒரு பிரபு விரும்பினான், வரையச் சொன்னான். எலெக்ட்ரானை யாரும் கண்டதில்லை, ஆனாலும் அதன் வலிமை வேண்டும் என்று ஓர் ஊர் விரும்பியது, வரையச் சொன்னது. இரண்டுக்கும் நடுவே 700 ஆண்டுகள் இருக்கின்றன, அவ்வளவுதான். சிங்கத்துக்குப் பழமை ஏறிவிட்டது. அணுவுக்கு இன்னும் ஏறவில்லை. என் சிரிப்பு எதைப் பார்த்து வந்தது என்று அதன் பிறகு எனக்கே சந்தேகமாகிவிட்டது.

ஜெர்மன் மொழியில் இலச்சினைக்கு வாப்பன் என்று பெயர். ஆயுதத்தைக் குறிக்கும் வாஃபெ என்ற சொல்லும் அதுவும் உடன்பிறப்புகள். அதாவது சொல்லிலேயே இரும்பு இருக்கிறது. நாம் இலச்சினை, முத்திரை, சின்னம், குறி என்று நான்கைந்து சொற்களைக் கலந்து புழங்குகிறோம், எதிலும் கத்தி இல்லை. முகமூடிக் கவசத்துக்குள் இருப்பவன் நண்பனா பகைவனா என்று தெரிவதற்குக் கேடயத்தில் பூசிய வண்ணந்தான் இதன் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியானால் ஓர் உழவர் கிராமத்துக்கு இது எதற்கு? கிராமம் போருக்குப் போகவில்லை, போர்தான் கிராமத்துக்கு வந்தது. எதிரே வருவது யார் என்று கண்டுகொள்ளும் சிக்கலும் அதற்கு இருந்ததில்லை, யார் வந்தாலும் வைக்கோலும் பன்றியும் போய்விடும். ஆகவே ஜெர்மானியச் சிற்றூரின் இலச்சினைக்குப் பூர்வீகம் தேடினால் போர்க்களத்தில் எதுவும் கிடைக்காது. வழக்கு மன்றத்திலும் வயல் எல்லையிலும்தான் கிடைக்கும். ஊர் மன்றத்துக்குத் தீர்ப்பிலும் பத்திரத்திலும் அழுத்த ஒரு முத்திரை வேண்டியிருந்தது, மெழுகில் அழுந்தும்படி ஏதாவது செதுக்க வேண்டியிருந்தது. எல்லைக் கல்லில் இது எங்கள் பக்கம் என்று காட்ட ஒரு கீறல் வேண்டியிருந்தது. தென்மேற்கே வுர்ட்டெம்பெர்க், பாடன் பகுதிகளில் இப்படிக் கல்லில் கீறிய ஊர்க்குறிகள் ஏராளம். கலப்பையின் கொழு, திராட்சைக் கொடி கழிக்கும் வளைகத்தி, ஒரு கொக்கி, ஒரு குறுக்குக்கோடு. எழுத்தறியாதவனும் தடவிப் பார்த்துப் படிக்கக்கூடிய குறிகள். பிற்காலத்தில் அவற்றில் பல அப்படியே கேடயத்துக்குள் ஏறின. பாடன் பக்கத்து ஓர் ஊரின் பெயர்ப்பலகையில் வளைகத்தியைக் கண்டால் அதில் வீரம் தேட வேண்டாம். அங்கே கொடி கழித்தார்கள், அவ்வளவே.

எல்லைக் கல் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை, கேட்டால் இலச்சினைக்கும் இதற்கும் என்ன உறவு என்பீர்கள். பவேரியாவின் வடக்கே ஃபிராங்கோனியாவில் எல்லைக் கல் நடுவதற்கென்று ஊருக்கு ஏழு பேர் இருந்தார்கள். எழுவர் என்றே அவர்களுக்குப் பெயர். இன்றும் அந்தப் பொறுப்பு இருக்கிறது, ஆயுள் முழுவதற்குமான பொறுப்பு. கல்லை நடும்போது மற்ற எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, கல்லுக்கு அடியில் சுட்ட மண்ணிலோ கண்ணாடியிலோ கல்லிலோ செய்த சில துண்டுகளைத் தங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் ஒழுங்கில் வைத்துப் புதைப்பார்கள். யாராவது இரவோடு இரவாகக் கல்லைப் பெயர்த்து நாலடி தள்ளி நட்டால், அடியில் தோண்டினால் தெரிந்துவிடும். அந்த ஒழுங்கை எழுதி வைப்பதில்லை. மனைவிக்கும் பிள்ளைக்கும் சொல்வதில்லை. ஒருவர் இறந்து புதியவர் வரும்போது வாய்மொழியாக மாறும். இதை முதன்முதலில் அறிந்தபோது கேடயத்தைவிட இது எவ்வளவு கனமானது என்று தோன்றியது. ஓர் ஊருக்கு இரண்டு குறிகள். ஒன்று வருகிறவன் போகிறவன் எல்லாரும் பார்க்கும்படி மேலே மாட்டியது, பெரும்பாலும் பிற்காலத்தில் யாரோ வரைந்து கொடுத்தது. மற்றது மண்ணுக்கடியில், ஏழு தலைகளுக்குள். எது அந்த ஊரின் உண்மையான அடையாளம் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் கீழே கை காட்டுவேன். என்ன செய்வது, கீழே இருப்பதைக் கால்பந்து அணியின் பனியனில் அச்சடிக்க முடியாதே.

யாரோ வரைந்து கொடுத்தது என்றேன். அந்த யாரோவைப் பற்றித்தான் எனக்கு ஓயாத ஐயம். ஜெர்மனியின் பெரும்பாலான கிராமங்களுக்கு இலச்சினை வந்தது 20-ஆம் நூற்றாண்டில். பாடனில் மட்டும் கார்ல்ஸ்ரூஹெ நகரத்து ஆவணக்காப்பகம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சுறுசுறுப்பாகி, பழைய முத்திரைகளைத் துருவி, இல்லாத ஊர்களுக்குப் புதிதாக யோசித்து, வரைந்து அனுப்பத் தொடங்கியது. நாட்டின் மற்றப் பகுதிகளில் அதற்கும் பிந்தியது. 1935-இல் நாஜி அரசு கொண்டுவந்த ஊராட்சிச் சட்டம் இலச்சினை வழங்கும் உரிமையை மேலிருந்து கீழே இறக்கிய ஒரு சலுகையாக ஆக்கிக்கொண்டது. போருக்குப் பிந்தைய வளமான பத்தாண்டுகளில் ஊர்கள் வரிசையில் நின்று வாங்கின. கிழக்கில் கம்யூனிஸ்ட் ஆட்சி இதையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990-க்குப் பிறகு அங்குள்ள கிராமங்கள் விட்டதைப் பிடிப்பதுபோல் சிங்கமும் ஓக் இலையும் மீனுமாக வரைந்து தள்ளின. ஆக, ஊர் முகப்பில் கறுத்த கல்லில் செதுக்கி, பாசி படர்ந்து, பார்த்தாலே கைகட்டத் தோன்றும் ஒரு கேடயம் என் அப்பாவைவிட இளையதாக இருக்கலாம். இதில் மோசடி ஒன்றும் இல்லை, ஆண்டைக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். ஆனால் கேடயத்தின் வடிவமே ஒரு பொய்யை முணுமுணுக்கிறது. நான் மிகப் பழையவன், நீ பிறப்பதற்கு வெகு முன்பே இங்கே இருக்கிறேன் என்கிறது.

இந்த முணுமுணுப்பைப் பரப்பியதில் ஒரு காபி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. பிரெமன் நகரத்து காஃபே ஹாக், காபியிலிருந்து காஃபினை நீக்கி விற்றுப் பெயர் பெற்றது. தன் வாடிக்கையாளர்களுக்காக ஊர் இலச்சினைகளைச் சின்னச் சின்ன வில்லைகளாக அச்சிட்டு, ஒட்டி வைக்க ஆல்பமும் கொடுத்தது. வரைந்தவர் ஓட்டோ ஹூப். 1859-இல் பிறந்து 1949-இல் மறைந்தவர். முனிச்சுக்கு வடக்கே ஷ்லைஸ்ஹைமில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான கேடயங்களை ஒரே கையால், ஒரே கோட்டு அழகோடு தீர்த்துத் தள்ளியவர். அந்த ஒரே கைதான் என் குறை. வடகடல் ஓரத்து மீனவ ஊரும் ஆல்ப்ஸ் அடிவாரத்து மாட்டுக்கார ஊரும் அந்த ஆல்பத்தில் அண்ணன் தம்பிபோல் நிற்கின்றன. காஃபின் இல்லாத காபியைக் குடித்தபடி, சிக்கல் இல்லாத வரலாற்றை ஒட்டி மகிழ்ந்த குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஏளனமாகச் சொல்லவில்லை. நானும் சிறுவயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவன்தான்.

ஆனால் இந்தக் கலையில் என்னை வசப்படுத்திய ஒன்று உண்டு. இலச்சினையின் சட்டபூர்வமான வடிவம் படமில்லை, சொல். நீலத்தில் பொன்னாலான இன்னது, அதன் கீழ் வெள்ளியாலான இன்னது என்று ஒரு வாக்கியம் எழுதப்படும். அந்த வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டு யார் எப்படி வரைந்தாலும் அது அந்த ஊரின் இலச்சினைதான். மஞ்சள் என்று சொல்லக்கூடாது, பொன். வெள்ளை என்று சொல்லக்கூடாது, வெள்ளி. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, அதோடு வண்ணப்பெட்டி ஏறக்குறைய மூடிவிடும். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது, தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்ற போர்க்கள நியாயம் இன்னும் விதியாக நிற்கிறது. இன்னொரு விதி முதலில் தலையைச் சுற்றவைக்கும். கேடயத்தின் வலப்பக்கம் என்பது பார்க்கிற எனக்கு இடப்பக்கம். ஏனென்றால் பேசுவது கேடயத்தைப் பிடித்திருப்பவனின் உடலிலிருந்து. யாரும் பிடித்திருக்கவில்லை, சுவரில் மாட்டியிருக்கிறது, ஆனாலும் அதற்குப் பின்னால் ஒருவன் நிற்பதாக அந்த வாக்கியம் நம்புகிறது. ஓர் ஊர் கேடயம் வைத்திருந்தால் பின்னால் நிற்பது யார்? இந்தக் கேள்வியில் பல மாலைகள் போயிருக்கின்றன, விடை வரவில்லை.

சொல் முதலில் என்பதால் சொல்லே காலை வாரிவிடுவதும் உண்டு. ஊர்ப்பெயரை அப்படியே படமாக்கும் வழக்கம் பரவலானது, பேசும் இலச்சினை என்பார்கள். பெர்லினின் கரடி எல்லாருக்கும் தெரியும். 1280-ஆம் ஆண்டின் முத்திரையிலேயே கரடி வந்துவிட்டது. ஆனால் பெர்லின் என்ற பெயர் ஸ்லாவிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது, சேற்று நிலத்தைக் குறிப்பது. கரடிக்கு ஜெர்மன் சொல் பேர். ஓசை ஒத்துப்போனதால் சேறு கரடியாகிவிட்டது, தலைநகரம் எழுநூறு வருடங்களாக ஒரு தவறான காதுகேட்டலைச் சுமந்து திரிகிறது. இதற்கு எதிர்மாறாக ஸ்டுட்கார்ட் அருகே அஃபல்டர்பாஹ் என்ற சிற்றூர். பாஹ் என்றால் ஓடை. முற்பகுதியை இன்றைய ஜெர்மன் காது கேட்டால் முதலில் குரங்குதான் நினைவுக்கு வரும், ஏனென்றால் அஃபெ என்றால் குரங்கு. ஆனால் அஃபல்டர் பழைய ஜெர்மனில் ஆப்பிள் மரம். அந்த ஊரார் சரியாக ஆப்பிள் மரத்தையே வைத்தார்கள், குரங்கு தப்பியது, அல்லது ஊர் தப்பியது. மெர்சிடிஸ் கார்களை வேகமெடுக்கவைக்கும் ஏஎம்ஜி நிறுவனம் 1976-இல் அங்கே குடியேறியது. அதன் முத்திரையில் ஒரு பக்கம் எந்திரத்தின் வால்வும் சுருள்வில்லும், மறுபக்கம் அந்த ஆப்பிள் மரமும் ஓடையும். அந்த முத்திரையைப் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஓர் ஊரின் மரம் என்று தெரியும் என்று எண்ணிக்கொள்கிறேன். இதைப் படித்த பிறகு உங்களுக்குத் தெரியும்.

புனிதர்களின் கதை இன்னும் விசித்திரம். ஊர்க் கோவிலின் புனிதரை முழு உருவமாகப் போடாமல் அவரோடு சேர்ந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துக் கேடயத்தில் வைப்பார்கள். லாரன்ஸ் என்றால் அவரைப் படுக்கவைத்து வாட்டிய இரும்புக் கம்பிச் சட்டம். கத்தரீன் என்றால் அவளை நொறுக்கக் கொண்டுவந்த சக்கரம். உடலை வதைத்த கருவி ஊரின் பெருமையாகிறது, ஊராட்சிக் கடிதத்தாளில் அச்சாகிறது, தீயணைப்புப் படையினரின் சட்டைக் கையில் தைக்கப்படுகிறது. தீயணைப்பவன் கையில் வறுவல் சட்டம் என்பதை அங்கே யாரும் நகைமுரணாக எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. பழகிப்போன குறி பொருளை இழந்துவிடும், அல்லது பொருள் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். உறங்குவதை எழுப்பிய ஒரு நேர்வு உண்டு. அது கிராமம் இல்லை, நகரம், ஆனாலும் சொல்கிறேன். வடக்கு பவேரியாவின் கோபர்க் நகரத்துக் கேடயத்தில் இருப்பது புனித மௌரீஷியஸின் தலை. ஆப்பிரிக்கக் கறுப்பராக வரையப்பட்ட புனிதர், நகரின் காவலர். கறுப்பர் ஒருவர் தங்கள் கேடயத்தில் இருப்பது 1934-இல் நாஜிகளுக்குப் பொறுக்கவில்லை. அவரை எடுத்துவிட்டு ஸ்வஸ்திகா பதித்த பிடியுள்ள வாளை வைத்தார்கள். 1945-இல் வாள் போய்ப் புனிதர் திரும்பினார். திரும்பியவர் நிம்மதியாக இருந்தாரா என்றால் இல்லை, சுருள்முடியும் தடித்த உதடும் காதுவளையமுமாக வரையப்பட்ட அந்தத் தலை கறுப்பரை இழிவுபடுத்துகிறது என்று 2020-இல் அதை நீக்கக் கோரிக்கை எழுந்தது. ஒரே தலையை ஒரு தலைமுறை கறுப்பு என்பதற்காக வெறுத்தது, இன்னொரு தலைமுறை கறுப்பை வரைந்த விதத்துக்காக வெறுக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்தத் தலை இருமுறையும் எதுவும் பேசாமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை மறக்க முடியவில்லை.

குண்ட்ரெம்மிங்கனுக்குத் திரும்புகிறேன். பெருமைப்பட அந்த ஊருக்குப் பழைய சங்கதி இல்லாமல் இல்லை. ரோமப் பேரரசின் அந்திக்காலத்தில் டான்யூப் எல்லையைக் காத்த ஒரு சிறு கோட்டை அங்கே இருந்தது. பியூர்க்ல என்று அந்த மேட்டுக்கு வழக்கு. 1920-களில் கெர்ஹார்ட் பெர்சு என்ற தொல்லியலாளர் அதைத் தோண்டினார். யூதப் பின்னணி காரணமாகப் பின்னால் நாஜிகளால் பதவி இழந்து, போர்க்காலத்தில் பிரிட்டனின் மேன் தீவில் கைதியாக இருந்தபோதும் தோண்டுவதை விடாத மனிதர். இங்கன் என்று முடியும் பெயரே ஊர் ஆலமானியர் என்ற பழைய ஜெர்மானியக் குடியினரின் காலத்தது என்று சொல்லும், இன்னாரின் ஆட்கள் குடியிருந்த இடம் என்று பொருள். இவ்வளவும் இருந்தும் அந்த ஊர் அணுவுக்கு இடம் கொடுத்தது. 1966-இல் அங்கே முதல் அணு உலை மின்சாரம் தந்தது, ஜெர்மனியில் பெரிய அளவில் வணிகத்துக்கென்று எழுந்த முதல் அணுமின் நிலையம் அது. கொதிநீர் உலை என்ற வகை. தமிழில் உலை என்ற சொல்லை இதற்கு வைத்தவர் யாரோ, அவரை வணங்கத் தோன்றுகிறது. அடுப்பில் உலை வைத்தாயா என்று அம்மா கேட்கும் அதே உலை. தண்ணீர் கொதிக்கிறது, ஆவி எழுகிறது, ஆவி சக்கரத்தைச் சுற்றுகிறது. அரிசிதான் வேறு. அந்த உலை ஊரில் பல வீடுகளின் உலையையும் பொங்கவைத்தது. வேலை வந்தது, தொழில்வரி வந்தது, சிறிய ஊரின் கஜானா பெரிய ஊர்கள் பொறாமைப்படும்படி நிறைந்தது. விவசாயி ஒருவர் அந்த நாளில் கேடயத்துக்கு என்ன வைக்கலாம் என்று யோசித்திருந்தால் அவர் கண்முன் இருந்தது எது? சிங்கமா?

இங்கேதான் நான் இரண்டாகப் பிரிகிறேன். ஒரு பாதி அந்த ஊராரை மெச்சுகிறது. முன்னோரிடம் இல்லாத வீரத்தைக் கடன் வாங்காமல், தங்களைச் சோறுபோட்டு வளர்த்ததைத் தங்கள் கையெழுத்தில் போட்டுக்கொண்டார்கள். கொழுவும் வளைகத்தியும் கேடயத்தில் ஏறிய அதே நேர்மை. மறுபாதி 1975 நவம்பரை நினைக்கிறது. ஒரு வால்வைப் பழுதுபார்க்கும்போது கொதிநீராவி பீறிட்டு இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள், அந்நாட்டு அணுமின் நிலையங்களில் நேர்ந்த முதல் சாவுகள். இரண்டாண்டுகூட ஆகவில்லை, 1977 ஜனவரியில் ஈரக்குளிரில் வெளியே போகும் மின்கம்பிகளில் ஷார்ட் சர்க்யூட், அவசரமாக உலையை நிறுத்தும்போது கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்தது. பழுதுபார்த்தால் கட்டுப்படியாகாது என்று அந்த முதல் உலையை அப்படியே மூடிவிட்டார்கள், பதினோரு ஆண்டுகூட ஓடவில்லை. பிறகு 1984-இல் இன்னும் பெரிதாக இரண்டு உலைகள், அவற்றுக்குத்தான் அந்த இரண்டு கோபுரங்கள். ஒன்று 2017-இன் கடைசி நாளில் அணைந்தது, மற்றது 2021-இன் கடைசி நாளில். வாட்டுச்சட்டத்தைப் புனிதரின் பெயரால் கேடயத்தில் வைத்தவர்களுக்கு அதில் வெந்த உடல் ஒன்று நினைவில் இருந்தது, வருடத்துக்கு ஒரு நாள் அதற்கென்று மணியடித்தார்கள். அணுவின் நீள்வட்டங்களைப் பார்க்கும்போது அந்த இரண்டு பேரை யாராவது நினைப்பார்களா என்று எனக்குத் தெரியவேண்டும்.

இன்னொரு விவரம் சிறியது, ஆனால் என்னைக் கடித்துக்கொண்டே இருப்பது. அந்த அணு தப்பானது. கருவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் கோள்களைப்போலச் சுழலும் சித்திரத்தை 1913-இல் நீல்ஸ் போர் முன்வைத்தார். 1926-க்குள் இயற்பியல் அதைக் கடந்துவிட்டது, எலெக்ட்ரானுக்குத் தடம் போட்ட பாதை கிடையாது என்று ஆகிவிட்டது. அதைக்கூட விடுங்கள். அணு உலையில் நடக்கும் காரியம் முழுவதும் கருவுக்குள் நடப்பது, பிளவது கரு. எலெக்ட்ரான்கள் அதில் வெறும் சுற்றத்தார். கல்யாண வீட்டில் மணமக்களை விட்டுவிட்டுப் பந்தியைப் படமெடுத்ததுபோல, அணுமின்சாரத்துக்கு அடையாளமாக உலகம் முழுக்க எலெக்ட்ரான் பாதைகளை வரைந்துவிட்டோம். கேடயத்தில் ஏறியபோதே அது காலாவதியான படம். ஆனால் பின்னங்காலில் நிற்கும் சிங்கமும் விலங்கியலின்படி தப்புத்தான், பெர்லினின் கரடி மொழியியலின்படி தப்புத்தான். தப்பாக இருப்பது இலச்சினைக்கு ஒரு தகுதியோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. சரியாக வரைந்திருந்தால் அது பாடப்புத்தகத்துப் படமாகியிருக்கும்.

இதே வழியில் போன இன்னோர் ஊரும் உண்டு. முனிச்சின் வடக்கு விளிம்பில் கார்ஹிங். 1957-இல் உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே ஆராய்ச்சி உலை ஒன்று எழுந்தது, ஜெர்மனியின் முதல் அணு உலை. அலுமினியத் தகடு போர்த்திய அதன் கூரை முட்டை வடிவம், மக்கள் அணு முட்டை என்றே அழைத்தார்கள். கார்ஹிங் அப்போது கிராமம். 1967-இல் வாங்கிய இலச்சினையில் அந்த முட்டையின் உருவத்தை ஏற்றியது. 2000-இல் உலை நின்றுவிட்டது, ஊரும் அதற்குள் நகரமாகிவிட்டது. முட்டையை இடிக்கவில்லை, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக இன்னும் வெயிலில் மின்னுகிறது. கேடயத்திலும் அப்படியே. கார்ஹிங்குக்குக் கொடுத்துவைத்திருக்கிறது, அதன் இலச்சினை சுட்டும் பொருள் கண்ணெதிரே இருக்கிறது, யாரும் அதைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. குண்ட்ரெம்மிங்கனுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே மாற்றிவிடலாமே என்று யாரேனும் சொல்லக்கூடும். பவேரியாவில் ஓர் ஊர் நினைத்தால் புது இலச்சினைக்கு விண்ணப்பிக்கலாம், மாநில ஆவணக்காப்பகம் பார்த்துக் கருத்துச் சொல்லும், மேலதிகாரம் ஒப்புதல் தரும். ரோமக் கோட்டையின் மதிலைப் போடலாம், டான்யூபின் அலையைப் போடலாம், அழகாகவே இருக்கும், காபி ஆல்பத்தில் ஒட்டும்படி இருக்கும். 1970-களில் பவேரியாவின் ஏறக்குறைய 7,000 ஊராட்சிகளைச் சுமார் 2,000 ஆகக் குறைத்தபோது எத்தனையோ கேடயங்கள் அப்படிக் காகித மதிப்பை இழந்தன, மே மாதம் நடும் கம்பத்திலும் சங்கத்துக் கொடியிலும் மட்டும் பிடிவாதமாகத் தொங்குகின்றன. அவற்றோடு இன்னொன்று சேர்ந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது. ஆனால் நான் அந்த ஊர்க்காரனாக இருந்தால் கைதூக்கி எதிர்த்து வாக்களிப்பேன். அணு நல்லது என்பதற்காக இல்லை. அந்தக் கேள்வியில் எனக்கு இருக்கும் கருத்து இங்கே தேவையும் இல்லை. தன் வயதை மறைக்காத இலச்சினைகள் உலகத்தில் குறைவு, இது ஒன்று. பார்த்த உடனே எந்தக் காலத்து ஆசை என்று தெரிந்துவிடுகிறது. பெருமையும் அச்சமும் ஒரே நீள்வட்டத்தில் ஓடுகின்றன. வேறென்ன வைத்தாலும் அது ஒரு திரை.

அதோடு, அணு ஊரைவிட்டுப் போய்விட்டது என்று காணொளியைப் பார்த்து நான் எண்ணியதே பிழை. விழுந்தவை கோபுரங்கள். அவற்றில் தண்ணீர் ஆறியதே தவிர எரிபொருள் என்றும் இருந்ததில்லை. எரிந்து தீர்ந்த கோல்கள் தடித்த இரும்புக் கலங்களில் அடைபட்டு, அதே வளாகத்துக் கிடங்கில், வரிசையாக நிற்கின்றன. 2006-இல் திறந்த கிடங்கு. நிலையான இடம் கிடைக்கும்வரை என்று சொல்லி வைத்தார்கள், நாடு அந்த இடத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. குண்ட்ரெம்மிங்கன் கிடங்குக்கான உரிமம் 2046 வரை.